உங்கள் ஆல்பத்தில் தட்டுச் சத்தம் கொஞ்சம் அதிகம்

கண்ணு,

நல்லாயிருக்கிறாயா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப்போவதில்லை. அதை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கேட்கிறேன். நீயும் "ம், நல்லாகீறேம்மா, சாப்ட்டேம்மா, வெச்சிடவா" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாய். குஜராத்தில் கம்பெனி ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, ரூமில் உன்னோடு இருக்கிற பையன்கள் எந்த ஊர், எதுவும் உன் வாயிலிருந்து வராது. உன் அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டு வேறு எப்படி இருப்பாய்? போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ நழுவிவிடுவாய் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதியதை நீ பாதியில் கட் பண்ண முடியாது. படித்து முடித்ததும் உன் பேண்டு பையன்கள் மூன்று பேருக்கும் இதைக் காட்டு. யாருக்கும் தெரியக்கூடாது என்று மூடி மூடி வைத்துத்தான் நம் வீடு இந்த நிலைக்கு வந்து நிற்கிறது.

போன வாரம் சாலமன் வந்திருந்தான். டயர் கம்பெனியில் ஏ ஷிப்ட் முடித்த கையோடு, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் படப்பை ஜங்ஷனில் இறங்கி நேராக இங்கே வந்துவிட்டான். எப்போதும் கேட்டைத் திறக்கும்போதே "ஆன்ட்டி, இன்னா சமையல்?" என்று கூவுகிறவன், அன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சூடாக போண்டா போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. அப்புறம் சொன்னான்: "ஆன்ட்டி, மெட்ராஸ்ல ஸ்டூடியோ வெச்சிகினு கீற ஒரு அண்ணன் நம்ம ஆல்பத்தைக் கேட்டுட்டாரு. பாட்டு சூப்பர், சவுண்டுதான் பாழாப் போச்சு, நானே திரும்ப மிக்ஸ் பண்ணித் தரேன்றாரு. சும்மாவே பண்ணித் தரேன்றாரு ஆன்ட்டி. ரெக்கார்டு பண்ண ஃபைல் எல்லாம் உங்க புள்ள லேப்டாப்புலதான் கீது. அனுப்புடான்னா, அப்படியே கெடக்கட்டும் வுடுறான்றான். இன்னாத்துக்குன்னு கேட்டா போனை வெச்சிட்றான்." கடைசியில், "ஜனங்க கழுவிக் கழுவி ஊத்தறது என் டிரம்ஸைத்தான் ஆன்ட்டி. நான் அப்படியா வாசிச்சேன்?" என்றான். அவன் கண்ணில் தண்ணீர். எனக்குப் பதில் தெரியும். ஆனால் சொல்ல முடியாமல் போண்டாத் தட்டை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

நீ ஏன் அந்த ஃபைலை அனுப்பமாட்டேன் என்கிறாய் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதப்போகிறேன்.

உங்கள் பாட்டைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. 'துரு' என்று நீங்கள் பேண்டுக்குப் பெயர் வைத்தபோது தலையில் அடித்துக்கொண்டவள் நான்தான். இரும்பில் பிழைக்கிற குடும்பத்துப் பிள்ளை வைக்கிற பெயரா அது? பாடுகிற பையன் உறுமும்போதெல்லாம், யாராவது அவனுக்கு ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீர் கொடுங்களேன் என்று எனக்கு இருக்கும். ஆனால் அந்தப் பாட்டெல்லாம் என்ன பாடுபட்டு வெளியே வந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளும் நான்தான். தண்ணீர் கேன் போட்டுவைத்திருந்த ஷெட்டைப் பிடித்து, முட்டைக் கடையில் கெஞ்சி அட்டை வாங்கி வந்து சுவர் முழுக்க ஒட்டினீர்கள். மேலே தகரக் கூரை, வெளியே சித்திரை வெயில். ஃபேன் சத்தம் மைக்கில் ஏறிவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டு, ஷட்டரை உள்ளேயிருந்து இழுத்து மூடிக்கொள்வீர்கள். முக்கால்வாசிப் பாட்டு ஓடியிருக்கும், ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரிக்காரன் ஹார்ன் அடித்துவிட்டுப் போவான், மறுபடி முதலிலிருந்து. நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் ஷிப்ட் ஒத்து வருவதே அபூர்வம். ஒத்து வந்த வாரத்தில் எவனாவது ஒரு சூப்பர்வைசர் ஓவர்டைம் என்று நிறுத்திவைத்துவிடுவான். நான் மோர் கொண்டுவந்து ஷட்டரைத் தட்டினால், அவித்து எடுத்த முட்டை மாதிரி ஒவ்வொருத்தனாக வெளியே வருவீர்கள். "ஏன்டா, நாள் பூரா லைன்ல அடைஞ்சி கெடந்துட்டு, லீவு நாள்லயும் இப்படி ஒரு டப்பாவுல அடைஞ்சி கெடக்கணுமா? அங்கயும் இரும்புச் சத்தம், இங்கயும் இரும்புச் சத்தமா?" என்று ஒரு நாள் கேட்டேன். "அது அவங்க சத்தம்மா. இது எங்க சத்தம்" என்று சொல்லிவிட்டு மோரை ஒரே இழுப்பில் குடித்தாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

உன் அப்பா அந்த ஷெட் இருக்கிற திசையில்கூடத் தலைவைத்துப் படுக்காத மனுஷன். தகர டப்பா உருட்டுகிற கோஷ்டி என்றுதான் உங்களைச் சொல்வார். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காய்ச்சலில் கிடந்ததால் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக அவரை அனுப்பினேன். கொடுத்துவிட்டு வருவார் என்று பார்த்தால் பொழுது சாயும்வரை ஆளைக் காணோம். பிறகு நீதான் சொன்னாய், தலைகால் புரியாமல். கேன் வைக்கிற கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாராம். ஸ்பீக்கர் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டாராம். "இன்னொரு தபா போடு, இன்னொரு தபா போடு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். "நல்லாகீதுன்னாரும்மா! அப்பா நல்லாகீதுன்னாரும்மா!" என்று நீ சொன்னபோது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பத்தாவது பாஸான அன்றைக்குக்கூட உனக்கு அந்த முகம் இல்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கால் தாளம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

கல்யாணமான புதிதில் உன் அப்பா ரேடியோப் பைத்தியம். பாட்டு ஓடாமல் ஷேவிங் பண்ணமாட்டார். பிரஸ் ஷாப்பில் சேர்ந்து, தகட்டைக் கார் கதவாக அடிக்கிற அந்த மிஷின் பக்கத்தில் நின்று நின்று, பாட்டு ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போனது. முதலில் ரேடியோவைத் திட்டினார், சரியாகப் பிடிக்கவில்லை என்று. பிறகு புதுப் பாட்டுக்காரர்களைத் திட்டினார், வாயைத் திறந்து பாடமாட்டேன் என்கிறார்கள் என்று. பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். கம்பெனியில் காதுக்குப் போட பிளக் கொடுக்காமல் இல்லை. பிளக்கைப் போட்டால் டை என்கிற அச்சு சரியாக உட்கார்ந்ததா என்பது அடிக்கிற சத்தத்தில் தெரியாது என்று, அவரும் அவரோடு இருந்தவர்களும் அதைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஆடிட்டுக்கு ஆள் வந்தால் மட்டும் காதுக்குப் போகும்.

வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் நடக்கும், உனக்குத் தெரியும். கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அமுக்கணும். வெளியே ஒரு நர்ஸம்மா உட்கார்ந்து மிஷினைத் திருகுவாள். பிரஸ் ஷாப் ஆட்களுக்கு அதில் ஒரு வித்தை உண்டு. பழைய ஆள் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது. நர்ஸம்மாவின் கையைப் பார்க்கக் கூடாது, அவள் உஷாராகிவிடுவாள், தோளைப் பார்க்கணும். தோள் அசைந்தால் அமுக்கு. ஃபெயில் ஆனவனைப் பிரஸ்ஸை விட்டு எடுத்து ஸ்டோர்ஸில் போட்டுவிடுவார்கள் என்ற பயம்தான் எல்லாருக்கும். உன் அப்பா டை செட்டர். அவர் கை வைக்காமல் அந்த மிஷின் ஓடாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அந்த மனுஷனை நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கச் சொன்னால் செத்துவிடுவார். அதனால் ஒவ்வொரு வருஷமும் பாஸ் ஆகிவிட்டு வந்து என்னிடம் ஜெயித்த கதையாகச் சொல்வார். நானும் சிரிப்பேன்.

நம் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதே இல்லை, கவனித்திருக்கிறாயா? "அப்பா கவனிக்கல", "அப்பா வேற யோசனையில கீறாரு", இப்படித்தான் சொல்லுவோம். உன் அப்பாவுக்குக் காது என்று எழுத ஆரம்பித்தால்கூட எனக்கு அடுத்த சொல் வரமாட்டேன் என்கிறது. கல்யாண வீட்டில் அவருக்கு வலது பக்கம் நான் நிற்பேன். யாராவது பேசினால் அதையே பதிலில் திருப்பிச் சொல்லிக் காட்டுவேன், அவர் பிடித்துக்கொள்வார். அவருக்கு வருகிற போனை நான் எடுப்பேன். குக்கர் விசிலை எண்ணச் சொல்லி அவரிடம் விட்டுவிட்டு நான் வாசல் தாண்ட முடியாது. என் அக்கா வீட்டில் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று எத்தனையோ முறை துணியை எடுத்துவைத்துத் திரும்ப உள்ளே வைத்திருக்கிறேன். நானும் காருக்கு ஒயர் கட்டுகிற ஹார்னஸ் கம்பெனியில் லைனில் நின்றவள்தான். அந்த நிற்பு முழங்கால் வலியோடு முடிந்தது. இந்த நிற்பு முடியவில்லை.

இதில்தான் நீங்கள் மிக்ஸிங் என்று ஒன்றை ஆரம்பித்தீர்கள். தனித்தனியாகப் பிடித்த டிரம்ஸ், கிட்டார், குரல் எல்லாவற்றையும் எது எவ்வளவு கேட்கணும் என்று அளந்து சேர்க்கிற வேலை என்று நீதான் விளக்கினாய். சாம்பாரில் உப்பு, புளி, காரம் நிதானிக்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். ஞாயிறுதோறும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாய். அவரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். "அந்தத் தட்டுச் சத்தம் வரலியேடா, இன்னும் தூக்கு" என்பாராம். சாலமன் அடிக்கிற பித்தளைத் தட்டைச் சொல்கிறார். தூக்குவாய். "இன்னும்." தூக்குவாய். சாலமன் காதைப் பொத்திக்கொண்டு, "மச்சான், கிழியுதுடா" என்று கத்தினதற்கு, "எங்கப்பா ஆயுசு பூரா சத்தத்துலயே வேலை பாத்தவரு, அவருக்குத் தெரியாதாடா உனக்குத் தெரிஞ்சிருச்சு?" என்று நீ அவனை அடக்கினாயாம். ஜலதோஷம் பிடித்தவரிடம் ரசத்தை ருசி பார்க்கக் கொடுத்த கதைதான். முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும், அந்தத் தட்டு எவ்வளவு தூக்கினாலும் அவரிடம் போய்ச் சேராது என்று. ஒரு வார்த்தை உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரை நீ அங்கே கூட்டிக்கொண்டு போவது நின்றுவிடும், அந்தக் கால் தாளம் நின்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் புருஷன் சந்தோஷத்துக்கு என் பிள்ளையின் உழைப்பைத் தீனி போட்டேன். அதற்கு உன்னிடம் மட்டும் இல்லை, சாலமனிடமும் நான் மன்னிப்புக் கேட்கணும்.

ஆல்பம் வெளியே வந்தது. கீழே வந்த கமெண்டெல்லாம் நீ எனக்குக் காட்டவில்லை, சாலமன் தங்கச்சி காட்டினாள். பாட்டு செம்ம, சவுண்டு கொலை. தகர டப்பாவுக்குள்ள உக்காந்து கேட்ட மாதிரி கீது. டிரம்மருக்கு ஸ்டீல் பாத்திரக் கடையில வேலையா. ஒருத்தன் மட்டும், யாரோ காது போனவன் மிக்ஸ் பண்ண மாதிரி கீதே என்று எழுதியிருந்தான். அவன் விளையாட்டாகத்தான் எழுதியிருப்பான். நீ அதைப் படித்த அன்றைக்குத்தான் சாப்பிடாமல் மொட்டைமாடிக்குப் போனாய் என்று பிறகு கணக்குப் போட்டுக்கொண்டேன். உன் கூட்டாளிகள் "இதை எவன்டா ஓகே பண்ணது?" என்று சண்டைக்கு வந்தபோது, "நான்தான்" என்றாயாம். அதோடு நிறுத்திக்கொண்டாயாம். அதே வாரம் இங்கே உன் அப்பா, கம்பெனி பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டாகப் போய், "நம்ம பையன் ஆல்பம். சவுண்டு பூரா நான் பாத்தது" என்று இயர்போனை நீட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறாய். சமையலறை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ பெரிய ஹெட்போனை எடுத்துவந்து, "அப்பா, போன்ல ஒரு டெஸ்ட் கீது, சும்மா தமாசுக்கு, சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்றாய். அவர் ஜோராக மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நீ போனைத் தொட்டாய், அவர் விரலைத் தூக்கினார். தொட்டாய், தூக்கினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்போது உன் கட்டைவிரல் போனின் பக்கவாட்டுக்குப் போனதைப் பார்த்தேன். சத்தத்தைக் குறைத்தாய். இன்னும் குறைத்தாய். ஒன்றுமே இல்லாமல் ஆக்கினாய். ஆக்கிவிட்டுத் தொட்டாய். விரலைத் தூக்கினார். திரும்பத் தொட்டாய். திரும்பத் தூக்கினார், முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாடா பாத்துகினே கீற? உங்கப்பனுக்குப் பாம்புச் செவிடா!" என்றார். நீ ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாய். அப்புறம், "ஆமாம்பா, எல்லாமே கரெக்ட்டு" என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றிச் சுற்றி வைத்தாய். அதைச் சுற்றி முடிக்க உனக்கு அவ்வளவு நேரம் ஆனது. என் கத்தி அவரைக்காயிலேயே நின்றுவிட்டது.

அந்த வாரம்தான் உன் கம்பெனியில் குஜராத் பிளான்ட்டுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று நீயாகப் போய்ப் பெயர் கொடுத்தாய். கிட்டாரைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றினாய். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "அங்க ஷிப்டு டைட்டுப்பா" என்றாய். ஆல்பத்தைச் சரிசெய்தால், தட்டுச் சத்தத்தை எதற்குக் குறைத்தாய் என்று அவர் கேட்பார். என்ன சொல்வாய்? சரிசெய்யாவிட்டால் சாலமனுக்கு என்ன சொல்வாய்? இரண்டு பக்கமும் ஷட்டர் மூடிக்கொண்டது. ரயில் ஏறிவிட்டாய். ஏறி என்ன பிரயோஜனம்? அந்த ஷெட்டை அப்படியே லேப்டாப்பில் போட்டுத் தூக்கிக்கொண்டுதானே போயிருக்கிறாய்?

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றேனே என்று நான் சமையலறையில் தனியாக நின்று அழுதிருக்கிறேன், பெருமையில்தான். ஆனால் கண்ணு, ஒருத்தர் மனசு நோகக்கூடாது என்று ஆரம்பிக்கிற பொய் ஒருத்தரோடு நிற்காது. என்னைப் பார். பாசம் என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். நான் மூடி மறைக்க மறைக்க அவர் டாக்டரிடம் போகவில்லை, காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளவில்லை, இருந்ததும் போனது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, வெளியே யார் தோள் அசைகிறது என்று பார்த்துக்கொண்டே காலம் போய்விட்டது. நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவளை உன் காதாக்கிவிடாதே. அங்கே உனக்குப் பிளக் கொடுத்திருப்பார்கள், அதைக் கழுத்தில் தொங்கவிடாமல் காதில் போடு. கிட்டார் வாசிக்கும்போதும் போடு. உனக்கு என்ன கஷ்டம் என்றாலும் அவளிடம் வாயைத் திறந்து சொல். கஷ்டத்தைவிட அதைக் காவல் காப்பதுதான் பெண்பிள்ளைகளைக் கொல்கிறது.

இனி நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். சாலமன் வந்துவிட்டுப் போன இரண்டாம் நாள், அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு மாதிரியாக வந்தார். புதிதாகச் சேர்ந்த ட்ரெய்னிப் பையன் ஒருவனிடம் வழக்கம்போல இயர்போனைக் கொடுத்திருக்கிறார். அவன் மரியாதையாக "சூப்பர் சார்" என்றுதான் சொன்னானாம். ஆனால் கழற்றும்போது முகத்தைச் சுளித்துக் காதைத் தேய்த்துக்கொண்டானாம். பேச்சைக் காட்டிலும் முகத்தைப் படித்துப் பிழைக்கிற ஆள் அல்லவா, பிடித்துக்கொண்டார். போனை என் மடியில் போட்டு, "நீ கேட்டுச் சொல்லு. எப்பவும் போல பாதியை முழுங்கிட்டுச் சொல்லாத" என்றார். நான் முழுங்கித்தான் சொல்கிறேன் என்பது அவருக்கு எப்போதிலிருந்து தெரியுமோ.

இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கட்டிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, உங்கள் ஆல்பத்தை முதல் முறையாக முழுசாகக் கேட்டேன். ஷட்டர் இழுக்கிற சத்தத்தோடு ஆரம்பிக்கிறதே, அதைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "சங்கு ஊதினா எழுந்திரு, பஸ்ஸு ஊதினா ஏறிக்கோ" என்று அந்தப் பையன் உறுமுகிற இடத்தில் நான் லைனில் நின்ற நாளெல்லாம் ஞாபகம் வந்தது. சுக்குத் தண்ணீர் ஞாபகம் வரவில்லை. ஆனால் அதற்குள் தட்டு வந்துவிட்டது. வந்தது போகவே இல்லை. நீ வாசிக்கிறாய் என்று தெரிகிறது, என்ன வாசிக்கிறாய் என்று தெரியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற கல்யாண வீடு மாதிரி, மூச்சு விட ஒரு இடம் இல்லை. நாலாவது பாட்டில் எனக்குப் பல் கூசியது. முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவரிடம் நடக்குமா? "போதும், கழட்டு" என்றார். "நான் சொல்லித்தான ஏத்துனான்?"

"ஆமாங்க" என்றேன்.

"அவனுக்குத் தெரியுமா?"

இதற்கும் ஆமாம் என்றேன். அந்த டெஸ்டைச் சொன்னேன். சத்தமே இல்லாத போனைப் பற்றிச் சொன்னேன். "ஒண்ணுமே இல்லாததுக்கா தூக்கினேன்?" என்று கேட்டார். சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டை விலக்கவே இல்லை. "அதுக்கா புள்ள ஊரை விட்டே போயிட்டான்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேறு என்ன செய்ய?

இந்தத் திங்கட்கிழமை கம்பெனியில் மெடிக்கல். சாயந்திரம் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். கூண்டுக்குள் போய் உட்கார்ந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாராம். "ரெண்டு தபாவோ மூணு தபாவோதான் அமுக்கினேன். மத்த நேரம் பூரா காதுக்குள்ள எப்பவும் கத்தற அந்தச் சில்வண்டு மட்டும்தான் கேட்டுச்சு" என்றார். டாக்டர் பழைய ரிப்போர்ட்டை எடுத்துவைத்துக்கொண்டு, போன வருஷம்வரை எல்லாம் சரியாக இருந்ததே என்று கேட்டாராம். "போன வருஷம்வரைக்கும் கண்ணால கேட்டேன் சார்" என்றாராம் இவர்.

நல்ல கதையாக முடிந்துவிட்டது என்று நினைக்காதே. அவரைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டுதான் எடுத்துக் கொடுக்கிறார், ரிட்டயர் ஆகிறவரை அதுதான். அதோடு விடவில்லை, பிரஸ் ஷாப் ஆட்கள் எல்லாருக்கும் மறுபடி டெஸ்ட் வைக்கப்போகிறார்களாம், இந்தத் தடவை நர்ஸம்மாவுக்கு முதுகைக் காட்டி. கூட வேலை பார்த்தவர்கள் பஸ்ஸில் இவர் பக்கத்தில் உட்காருவதில்லை. "பெருசு தானும் கெட்டு எங்க பொழப்பையும் கெடுத்துச்சு" என்று ஒருத்தன் முகத்துக்கு நேரே சொன்னானாம். சத்தம் எட்டவில்லை, வாயசைவைப் படித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் சொல்லியிருக்கவே கூடாதோ என்று இந்த மூன்று நாளாக அடித்துக்கொள்கிறது.

நேற்றுச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அவராகவே வாயைத் திறந்தார். "அவனை அந்த ஃபைலை அனுப்பச் சொல்லு. அந்த ஸ்டூடியோக்காரன் தட்டை எவ்ளோ வேணும்னாலும் குறைச்சிக்கட்டும். எனக்கு வராமப் போனா பரவால்ல. நீ பக்கத்துல உக்காந்து, சாலமன் தட்டை எங்கெங்க அடிக்கிறான்னு எனக்குச் சொல்லிட மாட்டியா?" என்று கையை நீட்டினார். அந்த உள்ளங்கையில் விரலை வைத்து அழுத்திக் காட்டினேன். இப்படி என்று. தலையாட்டினார். உனக்கு வருகிறவளை உன் காதாக்கிவிடாதே என்று மேலே எழுதினேனே, அதை அடிக்கப்போவதில்லை. ஆனால் என் கதை இனி அப்படித்தான். இந்தத் தடவை திருட்டுத்தனம் இல்லாமல் செய்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபைலை இன்றைக்கே சாலமனுக்கு அனுப்பிவிடு. கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துவைத்திருக்கிறேன், நீ எப்போது வந்தாலும் சரி. அனுப்பினதும் எனக்குப் போன் பண்ணு. அப்பாவின் நம்பருக்கு அடித்துப் பார்த்துவிட்டு, எடுக்கவில்லையே, கோபமோ என்று நினைத்துக்கொள்ளாதே. கோபமெல்லாம் இல்லை. அவருக்குக் காது கேட்காது.

அம்மா